ஒலியொத்த ஆங்கிலச் சொற்களும் ஊவாத் தோட்டத் தமிழரும்

பதுளை, பசறை என்னும் ஈரூர்ப் பெயர்களையும் தமிழில் எழுதும் மாணாக்கன் இரண்டையும் பகரத்திலே தொடங்குகின்றான். அவனுக்கு எவ்விதத் தடுமாற்றமும் இல்லை. அவற்றையே ஆங்கிலத்தில் எழுதுமாறு பணித்தால், கீழ் வகுப்பு மாணாக்கர் பலர் இரண்டுக்கும் ஒரே எழுத்தை இட்டுவிடுகின்றனர். பதுளையோ ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தைக் கொண்டு தொடங்கற்பாலது; பசறை அதன் பதினாறாம் எழுத்தைக் கொண்டு தொடங்கற்பாலது. அவ்வெழுத்துக்களின் பெயரைச் சொல்லி வேறுபாட்டை விளக்கிவிடலாமே என்று கருதுவோர், அப்பெயர்களைத் தமிழில் எழுதிப் பார்ப்பாராக. இரண்டும் 'பி' என்றே வந்து நிற்கும்.

இத்தகைய பிழையைக் கண்டவுடன் சிவப்பு மையினாற் கோடிட்டுக் 'கவனக்குறைவு' என்று எழுதுவது ஆசிரியர் வழக்கம். யானும் பல்லாண்டுகள் அவ்வாறே எழுதி வந்தவன். ஆயினும் ஒரே பிழை ஒரே இடத்திலே, வகுப்புத்தோறும் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருமாயின், அதனைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அதற்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணத்தைக் கண்டு சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கம். மலைநாட்டுத் தமிழர்க்கு இவ்வாராய்ச்சி வெறும் பரீட்சைப் புள்ளி பற்றியதன்று என்பதும் பின்னர் விளங்கும்.

கால்டுவெல் ஐயர் 1856 ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலே தமிழ் வல்லின எழுத்துக்களின் இயல்பை நன்கு எடுத்துக் காட்டினார். வல்லெழுத்து மொழிமுதலிலும் இரட்டித்து வருமிடத்திலும் வன்மையாய் ஒலிக்கும். உயிர்களுக்கு இடையிலும் மெல்லினத்தின் பின்னும் மென்மை பெற்று ஒலிக்கும். 'பம்பரம்' என்னுஞ் சொல்லிலே பகரம் இரண்டு உள. முதலாவதன் ஒலி வேறு. மகரத்தின் பின் வருவதன் ஒலி வேறு. ஆயினும் நிற்கும் இடமே ஒலியை உணர்த்திவிடுதலால், தமிழுக்கு ஓரெழுத்தே போதியதாயிற்று. ஆங்கிலத்திலோ மொழிமுதலில் இரண்டு ஒலியும் வரும். ஒலி மாறினாற் பொருளும் மாறும். மருந்துச்சாலையிலே கொடுக்கப்படும் குளிகையும் கடையிலே கொடுக்கப்படும் விலைச்சீட்டும் தமிழ் எழுத்தில் 'பில்' என்றே அமைகின்றன. வெள்ளாடும் மேற்சட்டையும் 'கோட்' ஆகின்றன. இறத்தலும் கழுத்துப்பட்டியும் 'டை' என்னும் ஒரே வடிவில் ஒடுங்குகின்றன.

இதன்பொருட்டு நாம் நாணவேண்டுவதில்லை. தமிழ் கற்க வரும் பிறமொழியார்க்கு அரமும் அறமும் ஒன்றாகவே கேட்கின்றன. வாலையும் வாளையும் வாழையும் ஒன்றிலொன்று புகுந்துவிடுகின்றன. பிறமொழியாரைச் சொல்வானேன்? நம் தோட்டங்களிலும் நகரங்களிலும் வாழைப்பழம் பலர் வாயிலே வாளைப்பழம் ஆகின்றது. எழுத உட்காரும்போது மட்டுமே இலக்கணம் விழித்துக்கொள்கின்றது. ஆங்கிலேயன் தன் மொழியில் வழுக்கி விழும் இடங்களும் பலவே. ஆகவே சொற்குழப்பங்களுட் சில நம் செவியாற் பிறப்பன. சில ஆங்கிலேயர் எழுத்தாற் பிறப்பன. இரண்டும் கலந்து பிறப்பனவும் உள. அவையே மிகக் கொடியன.

தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து தொடங்குவோம். கொய்து வந்த கொழுந்துக்கு அங்கே முதலிற் செய்வது வாட்டுதல். மேன்மாடத்திலே பரப்பிக் காற்றுப் படச்செய்து, ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் அதன் ஈரத்தை இறங்கவிடுவர். இவ்வேலைக்குரிய ஆங்கிலச் சொல் 'விதர்' என்பது. வானிலையைக் குறிக்குஞ் சொல் 'வெதர்'. 'ஆமோ, அன்றோ' என்னும் ஐயப்பொருளிலே வரும் இடைச்சொல்லும் 'வெதர்'. நடுவில் நிற்கும் ஒலி நமக்கு எளியதே. 'அது' என்னும் சொல்லிலுள்ள தகரத்துக்கு அஃது மிக அண்மையது. இடர்ப்பாடு எழுத்திலேயே உள்ளது. வாட்டுதற்குரிய சொல்லில் 'டபிள்யூ'வை அடுத்து 'ஐ' என்னும் எழுத்து வரும். வானிலைக்குரிய சொல்லில் 'ஈ', 'ஏ' என்னும் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். ஐயப்பொருட் சொல்லில் 'டபிள்யூ'வை அடுத்து 'எச்' என்னும் எழுத்து ஒலியின்றி நிற்கும்.

இவற்றை வாய்பாடாக ஒப்புவிக்கும் மாணாக்கன் மறுவாரம் மறந்துவிடுகின்றான். சொல்லின் வரலாற்றைச் சொன்னால் மறப்பதில்லை. வாட்டுதலைக் குறிக்கும் சொல், வானிலையைக் குறிக்கும் சொல்லின் வேறு வடிவமாகவே பிறந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டுவைத்தல் என்பதே அதன் முதற்பொருள். அவ்வாறு விட்டுவைத்தது வாடுமாதலின், வாடுதல் என்னும் பொருள் பின்னர் நிலைத்தது. இவ்வுறவை நம் ஊவா மலைச்சரிவுகளிலே கண்கூடாகக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைத்தொடரின் மேற்குப் புறத்திலே மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்ட காற்றாகின்றது. கச்சான் என்று நாம் வழங்குவது அதனையே. ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரையுள்ள அக்காலத்திலே கிடைக்கும் தேயிலையின் தனிமணமே ஊவாவுக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித் தந்தது. வானிலை வாட்டுகின்றது, வாட்டம் மணத்தைத் தருகின்றது. எழுத்தை நினைவிற் கொள்ள ஒரு வழியும் உண்டு. தமிழில் 'இலை' என்பதன் முதலெழுத்து இகரம். இலையை வாட்டும் ஆங்கிலச் சொல்லின் உயிரும் இகரமே. இதனை யான் வகுப்பிற் சொல்லிய பின்னர் அச்சொல்லைப் பிழையாக எழுதியவர் மிகச் சிலர்.

கொழுந்துக்கும் இலைக்கும் ஆங்கிலத்தில் 'லீஃப்', விடுமுறைக்கு 'லீவ்', வாழ்தலுக்கு 'லிவ்'. மேலைப்பல்லும் கீழிதழும் உரசப் பிறக்கும் அவ்வொலி தமிழில் இன்மையால், பழைய வழக்கிலே பகரத்தையே எழுதிவந்தோம். ஆய்தத்தைத் துணைக்கழைத்தது பிற்கால ஏற்பாடு. போதாக்குறைக்கு இலை என்பதன் பன்மை 'லீவ்ஸ்' என்றாகி, 'நீங்குகிறான்' என்னும் வினையோடு ஒலியிலும் எழுத்திலும் முற்றும் ஒன்றாகிவிடுகின்றது. "சுகவீனம் காரணமாக இரண்டு நாட்களுக்கு இலை தருக" என்னும் பொருள்பட எழுதப்பட்ட கடிதங்கள் யான் கண்டன பல. தேயிலை நாட்டிலே அவ்வேண்டுகோள் முற்றிலும் பொருந்தாததென்று சொல்லுதற்கில்லை.

தேயிலையைச் சலித்துத் தரம் பிரித்தல் 'சிஃப்டிங்', இடமாற்றுதல் 'ஷிஃப்டிங்'. இவற்றைப் பிரித்தொலிக்கும் பயிற்சி கிரந்த எழுத்துப் பழகியவர்க்கு எளிது. ஏனையோர்க்குச் சிறிது காலம் செல்லும். தரப்பெயர்களுள் ஒன்றாகிய 'ஃப்ளவரி ஆரஞ்சு பீக்கோ' என்பதிலே பூ இருக்கின்றது. பீக்கோ என்பது சீனச் சொல். இளந்தளிரின் மேலுள்ள வெண்ணிறப் பூமயிரைக் குறித்து வந்தது. பூவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், கோதுமை மாவைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலியின. எழுத்தில் மட்டுமே வேறுபாடு. காரணம் யாதெனின், அவை ஆதியில் ஒரே சொல். அரைத்த மாவிலே சிறந்த பகுதியை மாவின் பூ என்றனர். 1755 இல் வெளிவந்த ஜோன்சனின் அகராதியிலும் அவை இரு சொற்களாகப் பிரியவில்லை. துருவிய தேங்காயைத் தேங்காய்ப்பூ என்று வழங்கும் நமக்கு இது வியப்பைத் தராது.

இனி ஆங்கிலேயர் எழுத்தாற் பிறந்த குழப்பங்களைப் பார்ப்போம். 1476 இல் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்திலே அச்சுப்பொறி நிறுவினார். அச்சு பரவப் பரவச் சொற்களின் எழுத்துவடிவம் மெல்ல இறுகத் தொடங்கிற்று. ஒலியோ தன் போக்கிலே மாறிக்கொண்டே சென்றது. போதாதென்று, புலவர் சிலர் இலத்தீன் மூலத்தைக் காட்டவேண்டுமென்னும் ஆசையால், ஒலியாத எழுத்துக்களையும் சொற்களின் நடுவே செருகினர். கடனைக் குறிக்கும் 'டெட்' என்னுஞ் சொல் பிரஞ்சிலிருந்து வந்தபோது அதிலே 'பி' இல்லை. இலத்தீனில் உண்டென்று பின்னர்ச் செருகினர். இன்றுவரை அதனை எவரும் ஒலித்ததில்லை. பற்றுச்சீட்டைக் குறிக்கும் 'ரிசீட்' என்பதன் நடுவிலுள்ள 'பி' என்னும் எழுத்தும் அவ்வாறு புகுந்ததே. முன்னையது நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து, பின்னையது பதினாறாம் எழுத்து என்று ஈண்டும் எண்ணிட்டே சொல்ல வேண்டியிருக்கின்றது.

'டெட்' என்று தமிழில் எழுதினால் கடனும் ஆம், இறந்தவனும் ஆம். தோட்டத்து வரலாறு அறிந்தவர்க்கு இவ்வொற்றுமை சிறிது உறுத்தும். பண்டு தொழிலாளி கங்காணியிடம் பட்ட கடனோடுதான் மலையேறினான். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்ல விரும்பினால், கடன் தொகை குறித்த 'துண்டு' வேண்டும். புதிய தோட்டத்தார் அத்தொகையைத் தீர்த்தாலன்றிப் பழைய தோட்டம் அவனை விடுவதில்லை. 1921 ஆம் ஆண்டுச் சட்டமே அத்துண்டு முறையை ஒழித்தது.

'செக்ரோல்' என்பது தோட்டத்தார் நாவிலே தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. நாள்தோறும் பெரட்டுக்களத்திற்கு வந்து வேலைக்குச் சென்றோரைக் குறித்துவைக்கும் பேரேடு அது. இதன் இரு பகுதிகளுக்கும் தனித்தனியே இரட்டைப் பிறவிகள் உண்டு. சரிபார்த்தலைக் குறிக்கும் 'செக்' ஒன்று. வங்கிக் காசோலையாகிய 'செக்' மற்றொன்று. காசோலை முன்னையதன் வழிவந்ததே. அரசாங்கக் கருவூலத்தைக் குறிக்கும் 'எக்ஸ்செக்கர்' என்னும் சொல்லின் சாயலாலே 'கியூ'வும் பிறவும் பெற்று உருமாறியது. அமெரிக்கர் இரண்டையும் ஒரே வகையாக எழுதுவர். நாம் பிரித்தானிய முறையைப் பின்பற்றுகின்றோம். அவ்வாறே சுருளைக் குறிக்கும் 'ரோல்' ஒன்று. நாடக வேடத்தைக் குறிக்கும் 'ரோல்' மற்றொன்று. நடிகன் பேசவேண்டிய பகுதியைத் தாட்சுருளில் எழுதிக் கொடுத்தமையால், சுருளின் பெயரே பிரஞ்சு வழியாக வேடத்துக்கு ஆயிற்று. பேரேட்டைக் குறிக்குஞ் சொல்லில் இரண்டு 'எல்' வரும். வேடத்தைக் குறிப்பதில் ஒரு 'எல்'லும் ஈற்றில் 'ஈ'யும் வரும். இரண்டு பகுதியையும் பிழையாக எழுதும் மாணாக்கன், காசோலையின் நாடக வேடம் என்று பொருள்படும் ஒரு புதுச்சொல்லைப் படைத்துவிடுகின்றான்.

தொழிலாளர் குடியிருப்பு வரிசையைக் குறித்த 'லைன்' என்னுஞ் சொல் தோட்டத் தமிழிலே 'லயன்', 'லயம்' என்றாயிற்று. இசைநூலார் கூறும் லயத்தை எண்ணி எவரேனும் அங்குச் செல்வாராயின் ஏமாற்றமே அடைவர்.

இவையெல்லாவற்றினும் மலைநாட்டுத் தமிழர் சிந்தித்தற்குரிய சொல்லிணை ஒன்றுண்டு. அது 'எஸ்டேட்', 'ஸ்டேட்' என்பது. தமிழில் மெய்யெழுத்து தனித்து மொழிமுதலாகாது. ரகரமும் லகரமும் உயிரேறி நின்றும் மொழிமுதலிலே வெறுமனே நிற்பதில்லை. அவற்றின் முன்னே வரும் குற்றுயிர்களை நன்னூலார் வகுத்துக் கூறினார். அரங்கம், இராமன், உலோகம் என்பன அவ்வாறு அமைந்தவை. அவ்விதியைக் கல்லாத பாட்டியும் அறிவாள். பள்ளிக்கூடம் அவளுக்கு 'இஸ்கூல்'. தேயிலைத் தொழிற்சாலை 'இஸ்டோர்'. 1924 ஆம் ஆண்டிலே பதுளைக்குப் புகைவண்டி வந்து சேர்ந்த இடம் 'இஸ்டேசன்'. அவ்வழியே நாட்டரசைக் குறிக்கும் 'ஸ்டேட்' என்பது 'இஸ்டேட்' ஆகின்றது. தோட்டத்தைக் குறிக்கும் 'எஸ்டேட்' என்பதும் பேச்சிலே 'இஸ்டேட்' ஆகின்றது. அரசும் தோட்டமும் ஒன்றாயின.

இதனை நாட்டுப்புறத்தார் உச்சரிப்பென்று நகைப்பார் உளர். நகைப்பதற்குமுன் அவர் பிரஞ்சு மொழி வரலாற்றை நோக்குதல் நன்று. 'ஸ்டேட்டஸ்' என்னும் இலத்தீன் சொல் பிரஞ்சு நாட்டார் நாவிலும் அப்படியே நிற்க மறுத்தது. அவர்களும் முன்னே ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து 'எஸ்டாட்' என்று வழங்கினர். அப்பிரஞ்சு வடிவத்தை ஆங்கிலேயர் கடன்கொண்டதால் 'எஸ்டேட்' தோன்றியது. முன்னுயிர் தேய்ந்தும் இலத்தீனை ஒட்டியும் 'ஸ்டேட்' வழங்கலாயிற்று. ஆகவே இரண்டும் ஒரு தாய் மக்கள். நம் பாட்டி செய்ததும் பழைய பிரஞ்சுக்காரர் செய்ததும் ஒன்றே. முன்னையதைப் பிழையென்றும் பின்னையதைச் சொல் வரலாறென்றும் கூறுகின்றோம்.

சொல்லிலே ஒன்றாகக் கலந்த இவ்விரண்டும் வாழ்விலே முற்றும் பிரிந்தன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர்த் தோட்டத்திலே வாழ்ந்த பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 'எஸ்டேட்' இருந்தது, 'ஸ்டேட்' இல்லையாயிற்று. அன்று முதல் சில ஆங்கிலச் சொற்கள் நீதிமன்றத்திலும் திணைக்கள மேசையிலும் எம்மவர் தலைவிதியை எழுதும் சொற்களாயின. அவற்றுட் சிலவற்றை ஆராய்வோம்.

அச்சட்டம் பிரசைகளை இருவகையாகப் பகுத்தது. பதிவுப் பிரசை என்றும் வமிசாவழிப் பிரசை என்றும் நாம் வழங்கியவை அவையே. வமிசாவழிக்கு உரிய ஆங்கிலச் சொல் 'டிஸென்ட்'. மறுப்புக் கருத்துக்கும் சொல் 'டிஸென்ட்'. ஆங்கிலேயர் வாயிலும் இவை ஒன்றுபோலவே ஒலிக்கும். முன்னையதில் 'எஸ்', 'சி' என்னும் இரண்டும் சேர்ந்து நிற்கும்; பின்னையதில் 'எஸ்' இரட்டிக்கும். ஒழுக்கமுடைமையைக் குறிக்கும் 'டீஸென்ட்' என்பதில் 'சி' மட்டுமே உண்டு. அதன் முதலசை நீண்டு அழுத்தம் பெறும். மலையிலிருந்து இறங்குதல் முன்னையதன் நேர்ப்பொருள். மூதாதையரிடமிருந்து வழிவழி இறங்கி வருதலாதலின் வமிசாவழிக்கு ஆயிற்று. 1948 நவம்பர் 15 ஆம் நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்தவர் அவ்வுரிமை பெறவேண்டின், தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றாதல், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர் என்றாதல் காட்டவேண்டியிருந்தது. தந்தையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமே கிடைத்தற்கரியதாயிருந்த லயங்களிலே பூட்டனுடைய பிறப்பை யார் காட்டுவார்? ஒழுக்கமுடையோராய் வாழ்ந்தவர் பலர். அவ்வொழுக்கத்துக்குரிய சொல்லிலே 'எஸ்' இல்லை.

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர்க்கு உரியது. வதிவோர் 'ரெசிடென்ட்ஸ்', வதிவு 'ரெசிடென்ஸ்'. விரைந்து சொன்னால் ஒன்றாகவே கேட்கும். 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமாகாதவர் 10 ஆண்டும் மணமானவர் 7 ஆண்டும் இந்நாட்டிலே இடையறாது வதிந்திருத்தல் வேண்டுமென்று அச்சட்டம் விதித்தது. 12 மாதங்களுக்கு மேற்பட்டு வெளியே தங்கியிருந்தால் வதிவு முறிந்ததாகக் கொள்ளப்பட்டது.

இங்கேதான் ஆங்கில ஆசிரியர் பலரும் பொருட்படுத்தாது விடும் ஓர் இணை தன் முழுப்பொருளையும் காட்டுகின்றது. 'கன்டினியுவஸ்' என்பது சிறிதும் இடைவெளியின்றித் தொடர்வது, ஆறு ஓடுவதுபோல. 'கன்டினியுவல்' என்பது விட்டுவிட்டு ஆயினும் ஓயாது நிகழ்வது. மார்கழி மழை பெய்வதுபோல. தோட்டத் தொழிலாளி இங்கேயே உழைத்தான். இங்கேயே மக்களைப் பெற்றான். ஆயினும் தாயாரின் ஈமக்கடன், தங்கையின் திருமணம், குலதெய்வத்துக்கு நேர்த்திக்கடன் என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இராமேசுவரம் வழியாகத் திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ சென்று வந்தான். அவன் மனத்திலே அவன் வதிவு அறாதது. சட்டம் திகதிகளை எண்ணிற்று. நோயாலோ காணி வழக்காலோ ஊரிலே ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டவனுக்கு, ஈற்றில் 'எல்' வரும் சொல்லுக்கும் 'எஸ்' வரும் சொல்லுக்கும் உள்ள தூரம் நாட்டுக்கும் நாடின்மைக்கும் உள்ள தூரமாயிற்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பிலே விண்ணப்பங்கள் சென்றன; அச்சட்டத்தின்கீழ் ஏறக்குறைய 1,34,000 பேரே பிரசாவுரிமை பெற்றனர்.

விண்ணப்பம் என்றதும் நினைவுக்கு வரும் இணை 'எலிஜிபிள்', 'இல்லெஜிபிள்' என்பன. தகுதியுடைய என்பது ஒன்று. படிக்க இயலாத என்பது மற்றொன்று. தமிழ்ச் செவிக்கு எகரமும் இகரமும் இடம் மாறியதாக மட்டுமே தோன்றும். இரண்டும் பொறுக்குதல், படித்தல் என்னும் இருபொருளுடைய ஒரே இலத்தீன் அடியிலிருந்து பிறந்தவை. பொறுக்கி எடுக்கத்தக்கது தகுதியுடையது, படிக்கத்தகாதது தெளிவற்றது. கையெழுத்துத் தெளிவற்றமையால் தகுதியே ஐயத்துக்கிடமான விண்ணப்பங்களை எண்ணுங்கால், இவ்விரு சொற்களும் பழைய உறவை மறக்கவில்லை என்றே தோன்றுகின்றது.

'இம்மிகிரண்ட்', 'எமிகிரண்ட்' என்பவற்றை நம் தமிழ் நன்கு பிரித்துவிட்டது. குடிவரவு, குடியகல்வு என்னும் சொற்கள் அவற்றினும் தெளிவானவை. முன்னையது உள்வருதல், அதிலே 'எம்' இரட்டிக்கும். பின்னையது வெளிச்செல்லுதல், அதிலே ஒரு 'எம்' மட்டுமே. மண்டபம் முகாமிலே நின்ற தொழிலாளியை எண்ணிப் பார்ப்பின் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். 1922 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் அவனைக் குடியகல்வோன் என்றது. கடலுக்கு இப்பாலுள்ள அரசு அவனையே குடிவருவோன் என்றது. ஆள் ஒருவனே, நோக்கும் திசையே வேறு.

1964 அக்டோபர் 30 ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரைப் பற்றியது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அனுப்பப்பட்டோரைக் குறிக்க வழங்கிய சொல் 'ரீபேட்ரியட்' என்னும் வினையின் வழிவந்தது. தந்தையர் நாட்டுக்குத் திரும்பச் செய்தல் என்பது அதன் பொருள். பதுளையிலே பிறந்து பண்டாரவளைக்கு அப்பால் எதையும் காணாத பெண்ணொருத்தியை, அவள் ஒருநாளும் மிதித்திராத மண்ணுக்குத் திரும்ப அனுப்பினர். சொல்லுக்கு உள்ளேயே பிழை புகுந்திருந்தது, எழுத்துப்பிழை அன்று. தாய்நாட்டுக்கு வெளியே வாழ்வோனைக் குறிக்கும் 'எக்ஸ்பேட்ரியட்' என்பதை, முன்னாள் நாட்டுப்பற்றாளன் என்று பொருள்படுமாறு பிரித்தெழுதுவாரை ஆங்கில நாளிதழ்களிலும் காணலாம். நாட்டுப்பற்றாளனைக் குறிக்கும் சொல்லின் இறுதியசையில் 'ஓ' உண்டு. நாடு கடந்து வாழ்வோனுக்குரிய சொல்லில் 'ஏ' வந்து, ஈற்றில் 'ஈ' நிற்கும். நாட்டை விட்டவன் பற்றையும் விட்டவனல்லன்.

இறுதியாக நம் பெயர்களைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வதிந்த இந்திய வமிசாவழியினர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. ஆயினும் பத்திரங்களிலுள்ள பெயர்க்குழப்பத்தை எச்சட்டமும் தீர்க்க இயலாது. இலட்சுமி என்னும் ஒரே பெண் பிறப்புப் பதிவிலே 'லெட்சிமி' என்பதற்குரிய ஆங்கில எழுத்துக்களாலும், பள்ளிப் பதிவேட்டிலே 'லெட்சுமி' என்பதற்குரிய எழுத்துக்களாலும், அடையாள அட்டையிலே வடமொழி வடிவத்தாலும் எழுதப்பட்டிருப்பாள். முத்து என்னும் பெயரிலே தகரம் ஒன்றோ இரண்டோ, 'எச்' உண்டோ இல்லையோ என்பது எழுதிய உத்தியோகத்தரின் விருப்பத்தைப் பொறுத்தது. சுப்பிரமணியத்தின் நடுவெழுத்து 'பி'யோ மற்றைப் 'பி'யோ என்று கேட்பின், கட்டுரையின் தொடக்கத்துக்கே திரும்பிவிடுகின்றோம். இவற்றுள் எதுவும் தமிழ்ப் பெயருக்குப் பிழையன்று. மூன்று பத்திரங்களில் மூன்று வகையாக இருப்பதே இடர். பின்னர்ச் சமாதான நீதவானிடம் சென்று, மூன்று பெயரும் ஒருவரையே குறிக்குமென்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அவர் பதவிப் பெயரிலுள்ள சமாதானத்தையும் துண்டு என்னும் பொருளுடைய 'பீஸ்' என்பதாகப் பிழைபட எழுதிச் செல்வார் உளர்.

மாணாக்கரின் அடையாள அட்டை விண்ணப்பம் அதிபர் வழியாகவே செல்கின்றது. அதிபரைக் குறிக்கும் 'பிரின்சிபல்' என்பது 'ஏ', 'எல்' என்று முடியும். கொள்கையைக் குறிப்பது 'எல்', 'ஈ' என்று முடியும். அதனைச் சொல்லிக் கொடுக்கும் அன்றே, மாணாக்கர் ஒவ்வொருவரையும் தம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, பள்ளிப் பதிவேட்டுக்கு அருகே வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிடச் செய்யலாம். இரண்டு பாடவேளைகள் போதும். சென்ற தவணையிலே யான் அவ்வாறு செய்தபோது, முப்பத்தெட்டுப் பேர் கொண்ட வகுப்பிலே பதினொருவர் பெயர்கள் ஒவ்வாமல் இருந்தன. அவருள் ஒருத்தி தன் பெயரைத் தானே மூன்றாவதொரு வகையாக எழுதிவந்தாள்.